ஆற்றை மூடிய வீதியில் ஒரு காமிக்ஸ் கடை

பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் நட்டநடுவில் இருக்கும் அன்ஸ்பாக் பெருவீதி, 160 வருடங்களுக்கு முன்பு ஓர் ஆறு. சென் என்று பெயர். தோல் பதனிடுகிறவர்களும் சாயப்பட்டறைக்காரர்களும் கழிவைக் கொட்டிக் கொட்டி அதைச் சாக்கடை ஆக்கினார்கள். 1866-இல் காலரா வந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனது. மேயராக இருந்த ஜூல் அன்ஸ்பாக், ஆற்றைச் சுத்தம் செய்வதைவிட மூடிவிடுவதே மேல் என்று முடிவெடுத்தார். 1867-இல் வேலை தொடங்கியது. ஒப்பந்தம் எடுத்த கம்பெனியில் கையாடல் புகார் எல்லாம் கிளம்பி அடங்கி, 1871-இல் ஆறு செங்கல் வளைவுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. மேலே பாரிஸ் பாணியில் அகல வீதியும் அடுக்கு மாளிகைகளும் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டில் ஆற்றை இன்னும் தள்ளித் திருப்பிவிட்டு, காலியான பாதாளத்தில் ட்ராம் விட்டார்கள். மதுரையில் குடியிருக்கும் எனக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஒப்பந்தம்கூடப் போடாமல் கிருதுமால் நதியைச் சாக்கடை ஆக்கியவர்கள் நாங்கள்.

அந்த வீதியில் ஒரு காமிக்ஸ் கடை இருக்கிறது. பெயர் 'ப்ரூசெல்'. ஊர்ப் பெயரைத்தான் கொஞ்சம் கோணலாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் உண்டு. உண்மையில் அது ஒரு கிராஃபிக் நாவலின் பெயர். ஒரு பழைய ஊரை இடித்து நொறுக்கிப் புத்தம்புதிதாக்கப் புறப்பட்டவர்களின் கதை. அந்தக் கடைக்கு நான் போனது வேறு வேலையாக. லக்கி லூக்கைத் தேடி.

சிவகாசியில் வளர்ந்த பிள்ளைக்கு பெல்ஜியம் தூரத்து நாடல்ல. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. மாயாவியும் ஸ்பைடரும் லண்டன் சரக்கு. வேதாளரும் ரிப் கிர்பியும் அமெரிக்கர்கள். டெக்ஸ் வில்லர் இத்தாலியிலிருந்து குதிரையேறி வந்தார். ஆனால் எங்களை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெல்ஜியம் பக்கம்: லக்கி லூக், சிக் பில், ப்ளூ கோட் பட்டாளம். தூக்கத்தைக் கெடுத்த 'இரத்தப் படல'மும் அங்கிருந்துதான். நினைவு தப்பிக் கரையொதுங்கிய, காறை எலும்பருகே ரோமன் எண்ணில் 13 என்று பச்சை குத்தியிருந்த அந்த மனிதனை எழுதிய வான் ஹாமும், வரைந்த வில்லியம் வான்ஸும் பெல்ஜியர்கள். கேப்டன் டைகரை எழுதிய ஷார்லியே லியேஜ் ஊர்க்காரர். இந்தப் பெயர்கள் எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. அரை டிராயர் வயதில் நாயகன் பெயர் போதும், படைத்தவன் பெயர் யாருக்கு வேண்டும்?

தங்கை மகன் பிரஸ்ஸல்ஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். வடக்கே ஸ்கார்பேக் பகுதியில் வீடு. "வாங்க மாமா, ஊர் சுத்திக் காட்டுறேன்" என்று பல காலமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், நான் எழுதிக்கொண்டு போயிருந்த பட்டியலைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். ஐரோப்பிய நாடாளுமன்றம் இல்லை, அட்டோமியம் இல்லை, வாட்டர்லூ போர்க்களம் இல்லை.

"பொம்மை புஸ்தகம் பாக்கவா மாமா இவ்வளவு தூரம் ஃப்ளைட் புடிச்சு வந்தீங்க?"

வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்வரை அது நியாயமான கேள்விதான். வெளியே இறங்கினால் அந்த ஊரில் சுவர்களே காமிக்ஸ். கட்டடங்களை இடித்துத் தள்ளிய இடங்களில் மொட்டையாக நின்ற பக்கச் சுவர்களை என்ன செய்வது என்று யோசித்த நகராட்சி, 1991-இல் முதல் சுவரைக் காமிக்ஸ் ஓவியரிடம் கொடுத்தது. இன்று 80-க்கும் மேற்பட்ட சுவர்கள். எத்யூவ் தெருவில் டின்டினும் கேப்டன் ஹாடக்கும் ஸ்நோயியும் இரும்புப் படிக்கட்டில் அவசரமாக இறங்கி வருகிறார்கள். அதற்குக் கொஞ்சம் தள்ளி, ஒன்றுக்குப் போகும் சின்னப் பையன் சிலை. சுற்றுலாக் கூட்டம் அங்கேதான் மொய்க்கிறது. மேற்கே புவாந்தெரி தெருவில் டால்டன் சகோதரர்களோடு லக்கி லூக். சிவகாசியில் கையகலச் சாணித்தாளில் கறுப்பு வெள்ளையில் பார்த்த ஆளை ஒரு சுவர் முழுக்க வண்ணத்தில் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தைத் தங்கை மகனுக்கு என்னால் விளக்க முடியவில்லை. அவன் போட்டோ எடுத்துக் கொடுத்தான், அதுவே பெரிது.

லக்கி லூக்கை வரைந்த மோரிஸைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். காமிக்ஸை 'ஒன்பதாம் கலை' என்று பிரெஞ்சு உலகம் அழைக்கிறதே, அந்தப் பெயரைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1964-இல் 'ஸ்பிரூ' வார இதழில் அந்தத் தலைப்பில் காமிக்ஸ் வரலாற்றுத் தொடர் ஒன்றை அவர் இன்னொருவரோடு சேர்ந்து நடத்தினார். தன் தொழிலுக்குத் தானே மரியாதை தேடிக்கொண்ட மனிதர். நாயகனின் வாயிலிருந்த சிகரெட்டை 1983-இல் பிடுங்கிவிட்டு ஒரு புல்லைச் செருகியவரும் அவரே.

இருந்தாலும் சுவர்கள் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிட்டன. சுவரில் ஏறிவிட்ட நாயகன், சிலை வைக்கப்பட்ட தலைவர் மாதிரி. கும்பிடலாம், மாலை போடலாம், அவர் எழுதியதை எடுத்துப் படிக்கத் தோன்றாது. டின்டின் விஷயத்தில் இது இன்னும் மோசம். சாவிக்கொத்து, காபிக் குவளை, காலுறை என்று விலையைப் பார்த்தாலே தலைசுற்றும் சரக்குகள். ஆல்பங்கள் கடையின் ஓர் ஓரத்தில்.

அருங்காட்சியகம் வேறு ரகம். சாப்ல் தெருவில் இருக்கும் பெல்ஜியக் காமிக்ஸ் மையத்தின் கட்டடமே ஒரு கதை. ஆர்ட் நூவோ பாணியின் பெரிய கட்டடக் கலைஞரான விக்டர் ஹோர்ட்டா, வாக்கே என்ற ஜவுளி மொத்த வியாபாரிக்காக 1906-இல் கட்டியது. துணியின் நிறம் சரியாகத் தெரிய இயற்கை வெளிச்சம் வேண்டும். அதற்காகக் கூரையைக் கண்ணாடியில் போட்டு, இரும்புத் தூண்களைக் கொடிபோல வளைத்து, நடுவே அகலமான கல் படிக்கட்டு வைத்திருக்கிறார். 1970-இல் கடையை இழுத்து மூடினார்கள். அதற்குச் சில வருடம் முன்புதான், ஹோர்ட்டா தொழிலாளர் கட்சிக்காகக் கட்டிய 'மக்கள் மாளிகை'யை 1965-இல் இடித்து, அலுவலகக் கோபுரம் எழுப்பியிருந்தது இந்த ஊர். ஜவுளிக் கடைக்கும் அதே கதிதான் வந்திருக்கும். 1975-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். ஆனால் உள்ளே என்ன வைப்பது? டின்டினைப் படைத்த எர்ஜேயிடம் வண்ணம் தீட்டும் வேலை பார்த்த கி தெஸிசி, இதைக் காமிக்ஸுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனையை ஒரு கட்டடக் கலைஞரோடு சேர்ந்து கிளப்பினார். 1989-இல் திறந்தார்கள். ஊர் இடிக்கப் பார்த்த கட்டடத்தைப் பொம்மைப் புத்தகம் காப்பாற்றியிருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் டின்டின் நிலவுக்குப் போன சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ராக்கெட் நிற்கும். எல்லாரும் அதோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது மாடியில், கையால் வரைந்த மூலப் பக்கங்களுக்கு முன்னால். அச்சில் பார்ப்பதைவிடப் பெரிய தாள். கறுப்பு மைக்கு அடியில் பென்சில் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. ஒரு குதிரையின் பின்னங்காலை வரைந்து, பிடிக்காமல், வெள்ளை வண்ணத்தால் மூடி, அதன் மேலேயே மறுபடி வரைந்திருக்கிறார்கள். வெள்ளை வெடித்து, பழைய கால் எட்டிப் பார்க்கிறது. பேச்சுக் குமிழியைத் தனித் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பசை பழுப்பாகிவிட்டது.

அந்தக் காலத்தில் வண்ணம் தீட்டிய முறையையும் அங்கே பார்க்கலாம். மூலப் பக்கத்தில் பெரும்பாலும் வண்ணம் பூசமாட்டார்கள். கோடுகளை மட்டும் அச்சிடும் அளவுக்குச் சுருக்கி, மங்கலான நீலத்தில் ஒரு தடித்த தாளில் எடுப்பார்கள். அந்த நீலக் கோட்டுக்குள் வண்ணம் தீட்டியது பெரும்பாலும் வேறு ஒருவர், பல வீடுகளில் ஓவியரின் மனைவி. அதன் மேல் கறுப்புக் கோடுகள் உள்ள பிலிமைப் போட்டால் பக்கம் தயார். அப்பா சிவகாசியில் பைண்டிங் பட்டறை வைத்திருந்தார். பாசிட்டிவ், பிளேட், ஃபாரம் என்ற சொற்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர மனமில்லை. வண்ணம் தீட்டிய பெண்களின் பெயர் வெகுகாலம் அட்டையில் வந்ததில்லை என்பதையும் அங்கேதான் கவனித்தேன்.

அதற்கு மறுநாள் அன்ஸ்பாக் வீதிக் கடை. தரையிலிருந்து கூரைவரை ஆல்பங்கள். நின்றபடியே ஒரு முழு ஆல்பத்தைப் படித்துக்கொண்டிருந்தவர்களை யாரும் விரட்டவில்லை. கேப்டன் டைகரின் பெரிய தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன். அங்கே இருந்தவர் வயதானவர், நல்ல ஆங்கிலம்.

"இதை முன்பே படித்திருக்கிறீர்களா?"

"எத்தனையோ தடவை. என் மொழியில் இருக்கிறது."

"உங்கள் மொழியிலேயே இருக்கிறதா? அப்படியானால் இது உங்கள் வீட்டில் இருக்கும் புத்தகம். இந்த ஊருக்கு வந்ததற்கு இதைப் பாருங்கள்" என்று பின்னாலிருந்த அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். "நீங்கள் நிற்கும் தெருவின் கதை."

ஃபிரான்ஸ்வா ஸ்குயிட்டன் வரைந்து, பெனுவா பீட்டர்ஸ் எழுதிய 'ப்ரூசெல்'. 1992-இல் வந்தது. இருவரும் 1956-இல் பிறந்தவர்கள், பள்ளிக்கூடச் சினேகிதர்கள். ஸ்குயிட்டனின் அப்பா கட்டடக் கலைஞர். 1982-இல் 'தொடரும்' என்ற பொருள்படும் பெயர்கொண்ட மாத இதழில் 'மங்கலான நகரங்கள்' என்ற வரிசையைத் தொடங்கினார்கள். காஸ்டர்மன் பதிப்பகம் 1978-இல் ஆரம்பித்த இதழ் அது. அதுவரை 48 பக்கத்துக்குள் முடிந்துகொண்டிருந்த காமிக்ஸ் கதை, அங்கே நாவல் மாதிரி அத்தியாயம் அத்தியாயமாக நீள ஆரம்பித்தது. இந்த வரிசையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கற்பனை நகரம். நாயகன் என்று சொன்னால் அந்த நகரம்தான்.

எனக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. அதுவே வசதியாகிவிட்டது. எழுத்தைத் தாண்டிப் போக வழியில்லாததால் படத்திலேயே நின்றேன். தட்டச்சு செய்தது போலத் துல்லியமான மெல்லிய கோடுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நூற்றுக்கணக்கில், கல்லின் நிழலை உண்டாக்குகின்றன. ஆட்கள் சிறியவர்கள், தூண்கள் பெரியவை. லக்கி லூக்கில் பின்னணிக்கு ஒரு மஞ்சள் பூச்சு போதும், மனிதன்தான் முக்கியம். இங்கே மனிதன் ஒரு மூலையில் குடையோடு நிற்கிறான், பக்கம் முழுக்க முகப்புகளும் சாரங்களும் படிக்கட்டுகளும். அவன் நடக்க நடக்க ஊர் மாறிக்கொண்டே போகிறது. முந்தின பக்கத்தில் இருந்த வீடு அடுத்த பக்கத்தில் பள்ளமாக இருக்கிறது.

வாங்கிக்கொண்டேன். அன்று இரவு தங்கை மகனை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான், பயிற்சியாக இருக்கட்டும் என்றேன். கதை இதுதான்: கோன்ஸ்டான் அபீல்ஸ் என்ற பூக்கடைக்காரர். இனி நிஜப் பூ எதற்கு, வாடாது உதிராது என்று பிளாஸ்டிக் பூ விற்கத் தயாராகிறார். ஊரில் ஒரு பெரும் ஒப்பந்தக்காரரும் ஒரு விஞ்ஞானியும் சேர்ந்து நகரத்தையே அடியோடு மாற்றும் திட்டம் போட்டிருக்கிறார்கள். வருங்கால நகரத்துக்கு ஒரு பெரிய மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். அபீல்ஸ் இருமுகிறார். புகார் கொடுக்க அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். முடிவை நான் சொல்லப்போவதில்லை. நாலு பக்கம் படிக்கிறேன் என்று உட்கார்ந்த பையன், அபீல்ஸ் அரசு மாளிகையின் தாழ்வாரங்களில் வழிதெரியாமல் அலையும் இடம் வந்ததும், "மாமா, நான் இங்க ரெசிடென்ஸ் கார்டு வாங்கப் போன கதை மாதிரியே இருக்கு" என்றான். அதற்குப் பிறகு அவன் நிறுத்தவில்லை. எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வதைத்தான் நிறுத்திவிட்டான்.

அடுத்து வந்த நாட்களில் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினோம். வேறு எந்த வழிகாட்டியும் தேவைப்படவில்லை.

புத்தகத்தில் அபீல்ஸ் தொலைந்துபோகும் மாளிகை நிஜத்தில் நீதிமன்றம். யோசெஃப் பூலார்ட் என்பவர் வடிவமைத்தது. 1866-இல் தொடங்கி 1883-இல் முடிந்தது, கட்டியவர் முடிவைப் பார்க்காமல் 1879-இலேயே இறந்துவிட்டார். அதற்காக மரோல் பகுதியின் ஏழைக் குடும்பங்களைக் கிளப்பிவிட்டு வீடுகளைத் தரைமட்டம் ஆக்கினார்கள். மேட்டின்மேல் ஊரையே மிரட்டிக்கொண்டு நிற்கிறது. 1980-களில் பழுதுபார்க்கச் சாரம் கட்டினார்கள். பல பத்தாண்டுகள் அது அப்படியே கிடந்து, கடைசியில் சாரத்தையே பழுதுபார்க்க வேண்டிய நிலை வந்தது. கற்பனையில் ஸ்குயிட்டன் எவ்வளவு மிகைப்படுத்தினாலும் நிஜம் அவரை முந்திவிடும் ஊர் இது. 2019-இல் 'பிளேக் - மோர்டிமர்' என்ற பழைய புகழ்பெற்ற தொடரில் ஒரு ஆல்பம் வரையக் கிடைத்தபோதும் அவர் கதைக்களமாக எடுத்துக்கொண்டது இதே கட்டடத்தைத்தான். மனிதருக்கு அதை விட முடியவில்லை.

மாளிகைக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடி லிஃப்ட் மரோல் பகுதிக்கு இறக்கிவிடுகிறது. கீழே சிறிது நடந்தால் ஜூ-டெ-பால் சதுக்கம், தினமும் காலையில் பழைய சாமான் சந்தை. ஈரக் கல் தரையில் துணி விரித்து, பித்தளை விளக்கு, யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம், ஒற்றைச் செருப்பு. நடுநடுவே வாழைப்பழ அட்டைப் பெட்டிகளில் காமிக்ஸ். பிரெஞ்சு பேசுகிறவர்களின் கெட்டி அட்டை ஆல்பங்கள் ஒரு பெட்டியிலும், டச்சு பேசும் ஃபிளெமியர்களின் மெல்லிய அட்டை 'சுஸ்க - விஸ்க' புத்தகங்கள் இன்னொரு பெட்டியிலும். மொழிச் சண்டைக்குப் பேர்போன நாட்டில், ஒரே மழைக்கு இரண்டும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே. ஒரு குழந்தை கிரேயானால் கிறுக்கியிருந்த 'ஸ்மர்ஃப்' புத்தகம் ஒன்றை மலிவாக வாங்கினேன். கிறுக்கல் அழகாக இருந்தது.

போர்ட் தெ ஹால் மெட்ரோ நிலையத்தில் ஸ்குயிட்டன் 1993-இல் செய்த சுவரோவியம் இருக்கிறது. பழைய ஊரும் வரப்போகும் ஊரும் கலந்த காட்சி. சுவரைப் பிளந்துகொண்டு நிஜமான பழைய ட்ராம் வண்டியின் முகப்பு வெளியே வந்து நிற்கிறது. காலை நேரத்து அவசரத்தில் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நாங்கள் மட்டும் மேலும் கீழும் எஸ்கலேட்டரில் போய்வந்துகொண்டிருந்தோம். தங்கை மகனின் வீட்டுப் பக்கத்திலேயே ஸ்குயிட்டன் கைபட்ட இடங்கள் இன்னும் இரண்டு இருந்தது அவனுக்கே தெரியாது. ஒன்று, ஹோர்ட்டா 1893-இல் கட்டிய ஓத்ரீக் வீடு. பாழாகிக்கொண்டிருந்ததை ஸ்குயிட்டனும் பீட்டர்ஸும் விடாப்பிடியாக நின்று நகராட்சியை வாங்க வைத்து, மராமத்து செய்து, 2004-இல் திறக்க வைத்தார்கள். நிலவறைச் சமையலறையிலிருந்து மேல்மாடிப் பரண்வரை ஏறிக்கொண்டே போகவேண்டும். இன்னொன்று, பழைய ஸ்கார்பேக் ரயில் நிலையத்தில் 2015-இல் திறந்த ரயில் அருங்காட்சியகம். உள்ளே காட்சியமைப்பு முழுக்க ஸ்குயிட்டன். 1939-இல் ஓடத் தொடங்கிய டைப் 12 நீராவி எஞ்சின் ஒன்று, ஆளுயரச் சக்கரங்களோடு இருட்டில் நிற்கிறது. 2012-இல் அவர் தனியாக எழுதி வரைந்த 'லா தூஸ்' என்ற ஆல்பத்தில், தண்ணீர் ஏறிக்கொண்டே வரும் உலகத்தில் ஒரு டிரைவர் கைவிட மறுக்கும் எஞ்சின் இதுவேதான். காகிதத்தில் காதலித்ததை இரும்பில் காப்பாற்றியிருக்கிறார்.

ஒரு காமிக்ஸ்காரர் தன் ஊருக்கு இவ்வளவு செய்ய முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி. காமிக்ஸ்காரரை இவ்வளவு செய்ய ஓர் ஊர் விடும் என்பது அதைவிடப் புதியது.

ஸ்குயிட்டனோடு நிறுத்தியிருந்தால் அவரையும் சுவரில் ஏற்றியிருப்பேன். அதனால் திரும்பவும் கடைகளுக்குப் போய் வேறு பெயர்களைத் தேடினேன். பிரெக்ட் எவென்ஸ் என்ற ஃபிளெமிய இளைஞர் 2009-இல் போட்ட புத்தகம், ஆங்கிலத்தில் 'தி ராங் பிளேஸ்'. கட்டங்களே இல்லை, பேச்சுக் குமிழி இல்லை. முழுக்க நீர்வண்ணம். ஒவ்வொருவரும் ஒரு நிறம், அவர்கள் பேசுவதும் அதே நிறத்தில் எழுதியிருக்கிறது. விருந்து வைக்கிறவன் கேரி, சாம்பல் நிறம். எல்லாரும் எதிர்பார்க்கும் ராபி, நீலம். ராபி வரவில்லை. சாம்பல் நிறத்தில் எழுதிய வாக்கியத்தை விருந்தில் ஒருவரும் காதில் வாங்குவதில்லை என்பது, வாக்கியம் புரியாமலேயே பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. சினிமாவாலும் நாவலாலும் செய்ய முடியாத காரியம் இது.

டோமினிக் கோப்லே பிரஸ்ஸல்ஸ்காரர். 2007-இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்புக்கு 'பாசாங்கு என்பதும் பொய்தான்' என்று பொருள். குடிகார அப்பா, தீயணைப்புத் துறையில் இருந்தவர். அவரோடு சாப்பாட்டு மேசையில் மகள் உட்கார்ந்திருக்கும் நீண்ட பக்கங்கள். 12 வருடமாக விட்டு விட்டு வரைந்ததால் தாள் பழுத்துக் கறையேறியிருக்கிறது. கறையை அழிக்காமல் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். இதைப் படித்த ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் இல்லை. எல்லாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன், ஆனால் நான் மறக்கவும் மாட்டேன்.

ஆங்கில அடுக்கில் எதிர்பாராமல் கையில் பட்டது 'வன்னி'. பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்ஸே பொல்லாக் வரைந்தது, 2019. இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் ஒரு தமிழ்க் குடும்பம் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் கதை. டிக்ஸ் ஐ.நா. ஊழியராக வன்னியில் இருந்தவர். நம் சனத்தின் பாடு படக்கதையாகி, பெல்ஜியத்துக் கடை அடுக்கில் நிற்கிறது. நம் ஊரில் இதைப் பற்றிப் பேசியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தெரியாத காமிக்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு, அங்கே நின்று நின்று நான் பழகிக்கொண்டதைச் சொல்கிறேன். அட்டையை நம்பாதீர்கள், அட்டை வேறு ஒருவர் வரைந்ததாகக்கூட இருக்கும். நடுப்பக்கத்தைத் திறந்து, யாரும் பேசாத ஒரு பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பேசாத பக்கத்தில் கதையை நகர்த்தத் தெரிந்தவர் நல்ல காமிக்ஸ்காரர். சண்டைக் காட்சியைவிட, இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியை எப்படி வரைந்திருக்கிறார் என்று பாருங்கள். கைகளைப் பாருங்கள். சோம்பேறி ஓவியர் கைகளை எப்போதும் பாக்கெட்டுக்குள் ஒளித்துவிடுவார்.

பெல்ஜிய ஆல்பம் ஏன் 48 பக்கம் என்று சிவகாசிக்காரனைக் கேட்டால் விரலை மடக்கிச் சொல்லிவிடுவான்: 16 பக்க ஃபாரம் மூன்று. அச்சு இயந்திரம் போட்ட அந்தக் கட்டுக்குள்தான் ஆஸ்ட்ரிக்ஸும் லக்கி லூக்கும் தங்கள் வித்தையைக் காட்டினார்கள். கட்டை மீறிய பிறகு வந்தவர்கள் ஸ்குயிட்டனும் கோப்லேயும் எவென்ஸும். அங்கே பழையது செத்துவிடவில்லை, 'இரத்தப் படலம்' தொடரின் 18-ஆம் பாகத்தைக் கேப்டன் டைகரின் ஓவியர் ழான் ஜிரோவே வரைந்தார். 2007-இல் அதுவும் 19-ஆம் பாகமும் ஒரே நாளில் வெளிவந்தன. பழையதோடு புதியதையும் அதே வாசகர்கள் வாங்குகிறார்கள். அதனால்தான் அந்த வீதியில் அப்படி ஒரு கடை நிற்க முடிகிறது.

நம் கதை அப்படியில்லை. 2012-க்குப் பிறகு லயன் - முத்து பெரும்பாலும் ஆர்ட் பேப்பரில் முழு வண்ணத்துக்கு மாறியது. சாணித்தாள் போயே போய்விட்டது. கிராஃபிக் நாவல் என்று தனி வரிசையும் தொடங்கினார்கள். ஆனால் புத்தகக் காட்சியில் வாசகர்கள் முதலில் கேட்பது மாயாவியின் மறுபதிப்பைத்தான். ஐம்பது வயதுக்காரர்கள் தங்கள் பத்து வயதைத் திரும்ப வாங்க வருகிறார்கள். எனக்கு அதில் குறையில்லை, என் பையிலும் மாயாவி உண்டு. ஆனால் பத்து வயதை மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தால், இப்போது பத்து வயதாக இருக்கும் பிள்ளைகளுக்குப் பதிப்பகம் எதை வைத்துப் புத்தகம் போடும்? ஒரு புதிய தொடர் விற்காமல் தேங்கினால் அடுத்த புதிய தொடர் வராது. கணக்கு அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் புத்தகக் காட்சியில் காமிக்ஸ் அரங்குக்குப் போகிறவர்கள், பிடித்த நாயகனின் புத்தகத்தோடு, பெயரே கேள்விப்படாத ஒருவரின் புத்தகம் ஒன்றையும் சேர்த்து பில் போடுங்கள். நடுப்பக்கத்தைத் திறந்து கைகளைப் பார்த்து வாங்குங்கள். பிடிக்காமல் போனால் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிடுங்கள், அவனுக்குப் பிடிக்கலாம்.